ஏரிக்கரை ஒத்திகை

வேலை செய்யும் இடத்தில் அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு ‘இன்னொருவாட்டி’ என்று பெயர். எந்த லிஃப்டைச் சரிசெய்தாலும், “எதுக்கும் இன்னொருவாட்டி ஓட்டிப் பார்த்துடலாம்” என்பார். அவர் ஓட்டிப் பார்க்காத லிஃப்டில் ஒரு ஈகூட ஏற முடியாது. முதலில் காலியாக மேலும் கீழும் போய்வரும். பிறகு மணல் மூட்டைகள் போய்வரும். பிறகு அவர் மட்டும் தனியாக ஏறி, சுவரில் காதை வைத்துக்கொண்டு போய்வருவார். கீழே குடியிருப்பவர்கள் காய்கறிப் பையோடு கால் மாற்றி நின்று அவரைத் திட்டித் தீர்ப்பார்கள். திட்டட்டுமே! அவர் கைபட்ட லிஃப்ட் எதுவும் யாரையும் நடுவழியில் தொங்கவிட்டதில்லை. அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவர் தொங்கவிட்டது தன் மகளைத்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்கு ஒரே ஆசை, அப்பாவோடு ஏரிக்கரையில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். “கூடாரம் வேணாம், அடுப்பு வேணாம், மெத்தை வேணாம். ஒரு தார்ப்பாய், கொஞ்சம் கயிறு, தீப்பெட்டி, ஒரு பாத்திரம். அவ்வளவுதான்ப்பா.” ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் “இந்தத் தடவை கண்டிப்பா” என்று அவர் சத்தியம் செய்யாத குறைதான். கிளம்பும் நேரம் பார்த்து எங்காவது ஒரு லிஃப்ட் படுத்துக்கொள்ளும், போன் வரும், கட்டிய பை பரணுக்குப் போய்விடும். அவளும் எத்தனை தடவைதான் அழுவாள்? ஒரு வயதுக்குமேல் கேட்பதை விட்டுவிட்டாள். படித்து நர்ஸாகி வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டாள்.

இப்போது அவளுக்குக் கடல் கடந்து வேலை கிடைத்திருந்தது. போனால் இரண்டு வருஷத்துக்குத் திரும்ப முடியாது.

“போறதுக்கு முன்னாடி ஏரிக்குப் போயே ஆகணும்ப்பா,” என்றாள் போனில். “அடுத்த மாசம் லீவு போட்டுட்டு வரேன். லிஃப்ட் அறுந்தே விழுந்தாலும் நீங்க என்கூடதான் இருக்கணும்.”

“அறுந்து விழும்னு வாயால சொல்லாதேம்மா,” என்றார் அவர். சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டார். இத்தனை வருஷம் கழித்தும் அவள் கேட்கிறாளே!

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். படுக்கையறை ஜன்னல் கம்பிக்கும் பீரோ கைப்பிடிக்கும் நடுவே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஏரிக் காவலாளியின் நம்பரை எங்கிருந்தோ பிடித்து, நச்சரித்து எடுத்தார். மதகு எப்போது திறப்பார்கள், கரையில் எதுவரை ஈரம் ஏறும், பாம்பு உண்டா, உண்டென்றால் என்ன பாம்பு? “சார், வந்து படுக்கறவங்க யாரும் இவ்வளவு கேக்கறதில்ல,” என்று காவலாளி கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் போனை வைத்தான். மரத்தடியில் படுக்கக் கூடாது, பட்ட கிளை விழும். பள்ளத்தில் படுத்தால் கொசு பிடுங்கும். மேட்டில் படுத்தால் காற்று வரும், ஆனால் தீ நிற்காது. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தும் இதே பேச்சு.

“ஒரு ராத்திரி மண்ணுல படுக்கறதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?” என்று மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏங்க, அந்த ஏரியையும் ஒருவாட்டி ஓட்டிப் பார்த்துட்டுதான் அவளைக் கூட்டிட்டுப் போவீங்களா?”

அவள் விளையாட்டாகச் சொன்னாள். மனிதர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தான் முதலில் ஏறிப் பார்க்காத ஒன்றில் பெற்ற மகளை எப்படி ஏற்றுவது?

ஆனால் அதை மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் வருஷம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளே! சனிக்கிழமை விடிந்ததும், “பக்கத்து ஊர்ல புதுக் கட்டடம். வேலை முடியாது, நாளைக்குத்தான் வருவேன்,” என்று கூசாமல் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டுக் கிளம்பினார். மகளுக்காக வாங்கிய தார்ப்பாயைப் பிரிக்க மனம் வரவில்லை, அதை அவளோடுதான் பிரிக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் கிடந்த கிரீஸ் படிந்த பழையதைச் சுருட்டிக்கொண்டார்.

ஏரி அவரை மயக்கிவிட்டது. போன் டவர் இல்லை, கூப்பிட ஆளில்லை. இடம் பார்த்துத் தார்ப்பாயைக் கட்டினார், இரண்டாவது தடவையில் நின்றது. கல் கூட்டித் தீ மூட்டிச் சோறு பொங்கினார். அடி பிடித்தது, ஆனாலும் வழித்துத் தின்றார். படுக்கும்போது தார்ப்பாயின் ஓரமாகவே படுத்தார், காற்று வரும் பக்கத்தை அவளுக்கென்று விட்டுவிட்டு. காலையில் கழுத்தளவு தண்ணீரில் நின்றபோது குட்டி மீன்கள் வந்து கால்விரலைக் கொறித்தன. ஐயோ, கூச்சம் தாங்காமல் தனியாக நின்று அப்படிச் சிரித்தார்! “அவ வந்தா கத்தி ஊரைக் கூட்டிடுவா,” என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். இத்தனை வருஷம் இதையா தள்ளிப்போட்டோம் என்று அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. போகட்டும், இனி ஒரு குறையும் இல்லை, அடுத்த மாதம் கண்ணை மூடிக்கொண்டு அவளைக் கூட்டி வரலாம். ஞாயிறு மத்தியானம் விசில் அடித்துக்கொண்டே படியேறினார்.

கதவைத் திறந்தது மகள்.

“எங்கப்பா போனீங்க?” என்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பின்னால் கூடத்தில் இரண்டு பெரிய பெட்டிகள், பூட்டுப் போட்டுத் தயாராக நின்றன. அவற்றின்மேல் ஒரு சின்னப் பை.

விஷயம் இதுதான். வேலையில் சேரும் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஞாயிறு ராத்திரியே விமானம். கிடைத்த ஒரே ஒரு நாளை ஏரிக்கென்று வைத்துக்கொண்டு, சொல்லாமல் வந்து அப்பாவை அசத்தலாம் என்று சனிக்கிழமை காலை வந்து நின்றிருக்கிறாள். அவர் கிளம்பிப் போன சூடு ஆறுவதற்குள் வந்திருக்கிறாள். போன் போகவில்லை. கம்பெனிக்குக் கேட்டால், “அவர் லீவுல இருக்காரே,” என்றார்கள். அவ்வளவுதான், தாய்க்கும் மகளுக்கும் உயிர் போய்விட்டது. பொய் சொல்லிவிட்டு எங்கே போனார்? யாரைக் கேட்பது? போலீசுக்குப் போகலாமா என்பதுவரை பேசியிருக்கிறார்கள்.

அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே நா குழறியது.

மகள் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவர் தோளில் முகத்தைப் புதைத்தாள். “ஆமாப்பா, புகை வாசனை அடிக்குது,” என்றாள். அதற்குமேல் சிரிக்க முடியவில்லை.

“எல்லாம் பார்த்து வச்சிருக்கேன்டா,” என்றார் அவர். “இடமெல்லாம் பிரமாதம். இப்பவே போனா...”

“நாலு மணிக்கு டாக்ஸி வருதுப்பா.”

டாக்ஸி சொன்ன நேரத்துக்கு வந்தது, மூவரும் ஏறினார்கள். விமான நிலையம் போகும் வழியெல்லாம் அவள் ஏரியைப் பற்றிக் கேட்டாள், அவர் சொன்னார். மீன் கொறித்ததைச் சொன்னபோது, “கூச்சமா இருந்துச்சா?” என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாசலில் பெட்டியை வாங்கிக்கொண்டு, “உடம்பைப் பார்த்துக்கோங்க,” என்று மட்டும் சொல்லி உள்ளே போனாள்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

“என்கிட்ட ஏங்க பொய் சொன்னீங்க?” என்றாள்.

“நீ சிரிப்பேன்னுதான்.”

“சிரிச்சிருப்பேன்தான்.” அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். “ஆனா அவ வந்து நின்ன கையோட, அங்க பஸ் ஏத்தி விட்டிருப்பேனே.”