சிவப்புத் துணி கட்டிய போத்தல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு வந்த கோபத்தில் பிறந்தது. அட்டனிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டில் ஒரு அம்மா. மடியில் ஒரு போத்தல் தண்ணீர். அதன் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. எனக்கு இருமல். ஒரு வாய் கேட்டேன்.

"தர மாட்டேங்க. கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொண்டேன். கினிகத்தேனை தாண்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். பிறகு அவரே பேச்சுக் கொடுத்தார். பெயர் அழகம்மா. டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். போத்தல், கண்டியில் ஆராய்ச்சி செய்யும் மகள் ஜெயந்தினிக்காம்.

(பஸ்ஸில் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். ஆய்வுகூடத்துக்குள் நடப்பது என் கைச்சரக்கு.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: பனி மூடிய மலைகளுக்கு நடுவே—

வேண்டாம். எங்கள் ஊர்க் கதை என்றால் எல்லாரும் பனியைத்தான் முதலில் இறக்குகிறார்கள்.

ஜெயந்தினி செய்வது ஒரு சவ்வு. மெல்லிய வடிகட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்யும்போதே அதில் தோட்டத்தில் புல்லைக் கொல்ல அடிக்கும் மருந்தைக் கலந்து இறுக விடுகிறாள். இறுகியதும் மருந்தை மட்டும் கழுவி எடுத்துவிடுகிறாள். மருந்தின் மூலக்கூறுகள் இருந்த இடங்கள், அதே வடிவத்தில், குழிகளாக நிற்கும். ரொட்டி மாவில் விரலை அழுத்தி எடுத்தால் தடம் நிற்குமே, அப்படி. பிறகு தண்ணீரை அதன் வழியே விட்டால் மற்றதெல்லாம் கடந்துபோகும். அந்த மருந்து மட்டும் தன் குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தாயைப் பிரிந்த மகளின் மனதிலும் அப்படி ஒரு குழி—

[அடித்துவிட்டேன். தாய் நன்றாக, என் பக்கத்தில், கச்சான் கடலை கொறித்துக்கொண்டு இருக்கிறார்.]

3

மருந்து கலந்த ஆய்வுகூடத் தண்ணீரில் சவ்வு அருமையாக வேலை செய்தது. இனி ஊர்த் தண்ணீரில் பார்க்க வேண்டும். ஜெயந்தினி போன் பண்ணி, "நம்ம தண்ணி ஒரு போத்தல் கொண்டாங்கம்மா" என்றாள். லயத்துப் பீலியைத்தான்* சொன்னாள். அதற்கு மேலே உள்ள தேயிலை மலையில் அந்த வாரம்தான் மருந்து அடித்திருந்தார்கள்.

அம்மா கொண்டுவந்து கொடுத்தார். சவ்வில் ஒன்றுமே சிக்கவில்லை. மறுபடி விட்டாள். இல்லை. இத்தனை வருட உழைப்பும் பாழ் என்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு ஒரு சந்தேகம் வந்து போன் எடுத்தாள்.

"அம்மா, தண்ணி எங்க புடிச்சீங்க?"

"கோயிலுக்கு மேல ஊத்துல. பீலித் தண்ணி மருந்து நாத்தம் அடிக்குது புள்ள. அதையா ஒனக்குக் குடுப்பேன்?"

"குடிக்க இல்லம்மா! சோதிச்சுப் பாக்க!"

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"சரி, நீங்க எதைக் குடிக்கிறீங்க?"

"நாங்களா? பீலி தான். வேலைக்குப் போற அவசரத்துல தெனம் அம்புட்டு தூரம் ஏற முடியுமா?"

இந்த இடத்தில் அழகம்மாவை நம்பாமல், "இப்படியுமா ஒரு தப்பு நடக்கும்?" என்று கேட்டுவிட்டேன்.

"மக தண்ணி கேட்டா நல்ல தண்ணிதானங்க குடுப்பாங்க" என்றார்.

* பீலி: ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்கிவிட்டிருக்கும் இடம். குடிக்க, குளிக்க, துவைக்க, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கே அதுதான்.

4

ஆகவே மடியில் இருந்தது இரண்டாவது போத்தல். பீலித் தண்ணீர். தெரியாமல் யாரும் குடித்துவிடக் கூடாதென்றுதான் சிவப்புத் துணி. எனக்கு ஒரு வாய்கூடத் தராத தண்ணீரைத்தான் அவர் வீட்டில் தினமும் குடிக்கிறார். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த முறை கோபத்தில் இல்லை.

இறங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "இதுல மருந்து இருந்தாத்தாங்க மக படிப்பு தேறும். இருக்கணும்னு தான் கும்புட்டுக்கிட்டு வாறேன்."

5

முதல் முடிவு: சவ்வு பிடித்துவிட்டது. ஜெயந்தினி ஜெயித்துவிட்டாள். அப்படியானால் அம்மா இத்தனை நாளும் குடித்தது—

[எழுத முடியவில்லை.]

இரண்டாவது: சவ்வில் ஒன்றும் சிக்கவில்லை. அம்மாவின் தண்ணீரில் பயப்பட ஒன்றுமில்லை. மகளின் படிப்பு அத்தோடு—

[இதுவும் முடியவில்லை.]

ஆய்வுகூடத்துக்கு வெளியே, வாங்குப் பலகையில் அம்மா, எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று கும்பிடுகிறார். உள்ளே மகள், தான் செய்த சவ்வு ஒன்றையும் பிடிக்கக் கூடாது என்று கும்பிடுகிறாள். யாருடைய வேண்டுதலைத் தள்ளுவது? என்னால் ஆகாது. இரண்டு பேரையும் எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஆற அமர எழுத வேண்டாம். இன்று பின்னேரமும் லயத்தில் தேத்தண்ணிக்கு அந்தப் பீலியில்தான் தண்ணீர் பிடிப்பார்கள்.