தேர் திரும்புவதற்குள் மூன்று நிமிடம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. இதை எழுதும் என் மடிக்கணினியில் ஒரு கோப்பு திறப்பதற்குள் காபி ஆறிவிடும். சின்ன காஞ்சிபுரத்தில் சுகாசினி என்றொருத்தி தன் கணினியின் பிராசசரை, கம்பெனி விதித்த வேகத்தையும் தாண்டி ஓட விடுகிறாள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

2

முதல் தொடக்கம்: "வைகாசி வெயிலில் கோபுரம் தகதகவென..."

வேண்டாம். கோபுரத்துக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம்? (கோயிலுக்கு உண்டு. பொறுங்கள், தேர் வரும்.)

இரண்டாம் தொடக்கம்: பட்டுக் கரைகளுக்குக் கணினியில் டிசைன் வரைவது சுகாசினியின் தொழில். அதே கணினியோடுதான் இணையத்தில் ஓவர்கிளாக்கிங், அதாவது பிராசசரை விதித்த வேகத்தை மீறி ஓட்டும் போட்டியிலும் இறங்கியிருந்தாள். கொடுத்த படத்தை யாருடைய பிராசசர் சீக்கிரம் வரைந்து முடிக்கிறது என்பதே போட்டி. சிப் கருகினால் பெயரும் போச்சு, பிழைப்பும் போச்சு.

இது போதும்.

3

எனக்கே ஒரு சந்தேகம். குறையே இல்லாதவளை யார் நம்புவார்கள்? "அவள் அவசரக்காரி" என்று எழுதிப் பார்த்தேன். பச்சைப் பொய்.

மற்றவர்கள் வேகத்துக்காக வோல்டேஜை ஏற்றினார்கள். இவள் இரண்டு மாதம் அதை இம்மி இம்மியாகக் குறைத்தாள். பிராசசருக்குள் இருக்கும் ஒவ்வொரு கோரையும் தனியாக ஒரு மணி நேரம் ஓட்டி நோட்டில் குறித்துக்கொண்டாள். வோல்டேஜ் குறைந்தால் சூடு குறையும்; சூடு குறைந்தால் அதே சிப் இன்னும் வேகம் தாங்கும். மட்டமான சிப் என்று எல்லோரும் சிரித்ததை வைத்தே இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டாள். எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருக்கிறது எனக்கு.

4

கடைசி நாள். காலை ஏழு மணியோடு போட்டி முடிகிறது. விடிகாலைக் குளிர்ச்சிக்காகவே அவள் காத்திருந்தாள். அன்றைக்குத்தான் தேரும். தேர் தெருவுக்குள் திரும்பும்போது மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். எந்த வருஷமும் எட்டு மணிக்கு முன்னால் வராத தேர் என்று நம்பியிருந்தாள். இந்த வருஷம் ஆறரைக்கே தெருமுனையை நெருங்கிவிட்டது.*

கணவன் டேனியல் வாசலிலிருந்து கத்தினான். "இன்னாமா, தேரு முனைக்கு வந்துக்கினு இருக்குது! லைன்மேன் ரெடியா நிக்கிறாரு!"

"எவ்ளோ நேரம்பா இருக்குது?"

"மூணு நிமிஷம் இருந்தா பெரிசு. வோல்டேஜ ஏத்தி ஒரே அடியா அடிச்சுடுமா!"

ஏற்றினால் பத்து விநாடி மிச்சம். சிப் கருகவும் கூடும். அவளுடைய கணக்குப்படி ஓடினால் இரண்டு நிமிடம் ஐம்பத்தைந்து விநாடி. முதல் இடத்துக்கு அது போதும். தேர் பொறுக்க வேண்டுமே!

முடிவு அ: படம் முடிந்தது. அடுத்த மூச்சில் விளக்கு அணைந்தது.

முடிவு ஆ: தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் திரை இருண்டது. வெளியே "கோவிந்தா" என்று ஊரே முழங்கியது.

முடிவு இ: சுகாசினி வோல்டேஜை ஏற்றி...

(* யுபிஎஸ் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. இவள் கணினி இழுக்கும் இவ்வளவு மின்சாரத்தை அது தாங்காது.)

5

எது நடந்தது என்று அவளிடமே போனில் கேட்டேன். சிரித்தாள்.

"முடிவ நீங்களே எழுதிக்கோங்க சார். ஆனா வோல்டேஜ ஏத்தி ஜெயிச்சேன்னு மட்டும் எழுதிடாதீங்க."

அ, ஆ இரண்டும் உங்களுடையவை. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். இ பாதியிலேயே நிற்கட்டும். அதை நீங்களும் முடிக்காதீர்கள்.