குடிக்காதவனின் ஈரல்

முதல் உதையிலேயே தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது. கலைச்செல்வியின் அண்ணன் அழகமுத்து செருப்போடு ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்து அறைக்குள் வந்து நின்றான்.

“எங்க அந்தக் குடிகாரன்?”

தங்கையின் புருஷன் கிருஷ்ணகுமார் கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தான். கண்கள் மஞ்சளாகியிருந்தன. பொத்தான் பூட்ட முடியாதபடி வயிறு வீங்கியிருந்தது. சட்டையில் கசிப்புச் சாராய வாடை. அழகமுத்து ருவான்வெல்லை பஸ்ஸில் இருந்து இறங்கியதைப் பார்த்ததுமே, கிருஷ்ணகுமாரின் அம்மா தங்கம்மா பக்கத்து வீட்டில் வாங்கி வந்து அவன்மேல் ஊற்றியது அது.

“ஈரல் கெட்டுப்போச்சுன்னு தோட்டமே பேசுது. குடிகாரன்னே நெனைக்கட்டும்டா,” என்று அவள் சொல்லியிருந்தாள். “ஏசிட்டுப் போயிருவாங்க. சின்னதுல ஒன் நெஞ்சத் தொறந்து ஆபரேஷன் பண்ணுனத மறைச்சுக் கட்டி வச்சோம்னு தெரிஞ்சா, பொண்ணக் கூட்டிட்டே போயிருவாங்க.”

மார்புத் தழும்பை ரப்பர் பால் வெட்டும் கத்தி கிழித்தது என்றுதான் கலைச்செல்வியிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் இப்போது வாசலோரம் நின்றாள்.

“விடிஞ்சா என் தங்கச்சி ரப்பர் மலைக்குப் போறா. நீ இங்க வயித்த வளக்குற,” என்றான் அழகமுத்து. “எத்தன மாசம் மச்சான்? வளையல் போட நாங்க எப்ப வரணும்?”

“இனிமே குடியத் தொட மாட்டான் தம்பி,” என்றாள் தங்கம்மா.

“நீங்க பேசாதீங்க அத்தை. நீங்க குடுத்த செல்லந்தான்.”

சாமி படத்தடியில் இருந்த தட்டை எடுத்துக் கற்பூரம் ஏற்றினான் அழகமுத்து. கற்பூரத்தைக் கையால் அணைத்துச் செய்யும் சத்தியத்தை அந்த லயத்தில் யாரும் மீறியதில்லை.

“இது வரைக்கும் குடிச்சேன், இனிமே குடிக்க மாட்டேன்னு சொல்லி அணை. நான் இவள விட்டுட்டுப் போறேன். இல்லாட்டி கையோட கூட்டிட்டுப் போறேன்.”

“சொல்லுடா,” என்று தங்கம்மா பல்லைக் கடித்தாள்.

கிருஷ்ணகுமார் கையை நீட்டினான். சுடர் உள்ளங்கையைத் தொடும் முன்பே இழுத்துக்கொண்டான்.

“நான் ஒரு சொட்டும் குடிச்சதில்ல.”

“சனியனே,” என்றாள் தாய்.

அவன் நிறுத்தவில்லை. “பிறக்கையிலேயே எனக்கு இருதயம் பாதிதான் வேல செஞ்சிச்சு. ஆறு வயசுல மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்ணி, ரத்தம் நேரா நுரையீரலுக்குப் போற மாதிரி வழிய மாத்துனாங்க. அதுலதான் உசுரோட இருக்கேன். ஆனா பம்ப் பண்ண ஆளில்லாத ரத்தம் ஈரல்ல தேங்கித் தேங்கி, இத்தன வருஷத்துல அதக் கெடுத்துப்புட்டதா டாக்டர் சொல்றாரு. மறைச்சது தப்புதான்.”

கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. அழகமுத்து தட்டைக் கீழே வைத்தான். தழும்பையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தவன், தங்கையின் மேல் பாய்ந்தான்.

“தெனம் குடிச்சிட்டு வந்து அடிக்கிறாருன்னு நீதானடி ஆள் அனுப்புன? இந்த மனுசனால எந்திரிச்சு நிக்கவே முடியல. இவரு சீக்காளின்னு ஒனக்குத் தெரியாதா?”

கலைச்செல்வி கதவுக்குப் பின்னால் இருந்து துணிப்பையை எடுத்தாள். ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது.

“தெரியும்ணே. போன கிளினிக்ல டாக்டர் என்னையத் தனியாக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொன்னாரு. சீக்காளிய விட்டுட்டு வந்தா ஊரு என்னையக் காறித் துப்பும், குடிகாரன விட்டுட்டு வந்தா யாருண்ணே கேப்பா?”