கொள்ளுக்காட்டில் தலைப்பிரசவம்

1953 தை மாதம், நாராயணம்மா கொள்ளுச்செடி பிடுங்கி முடித்த மறுநாள் காலை, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளிக்கு மேற்கே அவள் காட்டை ஒட்டிக் கடல் வந்து கிடந்தது. மணலோடும் நண்டுகளோடும் வந்திருந்தது. அவள் புருஷன் திம்மராயன் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, இனிக் களிக்கு உப்பு வாங்க வேண்டியதில்லை என்றான். கடல் வந்தது என்று அந்த வாரம் கேழ்வரகு விலை ஏறவில்லை.

கடல் வந்தால் கான்ட்ராக்டர் வராமல் இருப்பாரா? ஓசூர் கோவிந்தப்பன், பெங்களூர்ப் பணக்காரர்களுக்குக் கரை நெடுகப் பங்களா கட்டித் தருவதாகச் சொல்லி, புறம்போக்கு மணலைக் குத்தகைக்கு எடுத்துச் சுண்ணாம்பால் கோடு போட்டார். நண்டு வளைகளின் மேலேயே கோடு போனது. நாராயணம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை இல்லாத அவள் அந்த நண்டுகளுக்கு நொய் இறைத்துப் பழகியிருந்தாள். ஆனால் மணல் அவள் பட்டாவில் இல்லையே, என்ன செய்வாள்? தினமும் போய்க் கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் கவனித்தாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எறிந்த லட்டைக் கடல் கரைக்கே தள்ளியது. மாங்காயை மட்டும் இழுத்துக்கொண்டது. தாளிக்கிற வாசம் வந்தால் நுரை நுரையாகக் கக்கியது. அடுப்புச் சாம்பலை நக்கியது. நடுவில் வேறு நாளுக்கு நாள் மேடிட்டு வந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு தேடி வந்திருக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. சந்தோஷத்தில் அழுதாள். கூடை நிறையக் கண்ணாடி வளையல் தருவித்து, புளிச்சோறு கிளறி, வளைகாப்பு நடத்தினாள். அலைகள் ஒவ்வொன்றாக வந்து, கை நீட்டி, போட்டுக்கொண்டு போயின.

மறுநாள் பங்களாவுக்குக் கடக்கால் தோண்ட வந்த கோவிந்தப்பனை வழிமறித்தாள்.

"ஏண்ணா, மாசமா இருக்கிற பொண்ண ஊட்ல வெச்சிக்கினு யாராச்சும் கடக்கால் தோண்டுவாங்களா?"

மேஸ்திரிகள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டார்கள். கோவிந்தப்பனும் பெண்ணைப் பெற்றவர். "செரிம்மா, பெத்து எழட்டும்" என்றார்.

யானைக்கே இரண்டு வருஷம் ஆகிறது. கடலுக்கு எத்தனை என்று யாருக்குத் தெரியும்? முதலில் முறைத்துக்கொண்டு விசாரிக்க வந்த கோவிந்தப்பன், பிறகு மாங்காயோடு வந்தார், அப்புறம் குங்குமப்பூவோடு வந்தார். பங்களா கேட்டவர்கள் அலுத்துப்போய் ஊட்டிக்குப் போய்விட்டார்கள். வேறு ஆள் பிடித்துக்கொள்ளலாம் என்று அவர் காத்திருந்தார்.

1958 ஐப்பசியில், நெல்லடிக்கிற களத்தின் அளவில் ஒரு குட்டிக் கடல் பிறந்தது. சொன்ன சொல்படி கோவிந்தப்பன் ஆட்களோடு வந்து இறங்கினார். குட்டி தாயின் பக்கத்தில் சின்னச் சின்ன அலையாக மூச்சுவிட்டுக்கொண்டு படுத்திருந்தது. மேஸ்திரி ஒருவன் மணலில் கடப்பாரையை ஓங்கிக் குத்தினான். குட்டி திடுக்கிட்டு வீறிட்டது. நாராயணம்மா ஓடி வருவதற்குள் கோவிந்தப்பன் பாய்ந்து கடப்பாரையைப் பிடுங்கிவிட்டார்.

"அறிவிருக்குதாடா உனுக்கு? கொழந்த இப்பத்தான் கண்ணசந்துச்சு" என்று கிசுகிசுத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் குந்தி, அது மறுபடி தூங்குகிற வரை தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.