ஆறு நிலைவாசல், ஒரே பாய்ச்சல்

கல்யாணப்பெண் சத்தியப்பிரியா கேட்டது ஒன்றுதான். கொத்தமங்கலத்தில் கல்யாணத்துக்கு வாடகைக்குப் பிடித்திருந்த பெரிய வீட்டின் தலைவாசலில் ட்ரோன் நுழைய வேண்டும். ஆறு நிலைவாசலையும் தாண்டிக் கொல்லைப்பக்கம் வெளியே வர வேண்டும். வீடியோவில் நடுவே ஒரு வெட்டுகூடக் கூடாது.

"செஞ்சிரலாம்" என்று சொல்லிவிட்டாள் சுஹானா. திருப்பத்தூரில் அவளும் தோழி ரேணுகாவும் சேர்ந்து கல்யாண வீடியோ எடுக்கிறார்கள். இறக்கைகளைச் சுற்றி வளையம் போட்ட இந்தக் குட்டி ட்ரோனை வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

முதல் தடவை, மூன்றாவது நிலையில் கண்ட்ரோலர் குச்சியைக் கட்டைவிரலால் வலப்பக்கம் இம்மி நகர்த்தினாள். ட்ரோன் துள்ளிப்போய் மாவிலைத் தோரணத்தில் தொங்கியது.

"என்னத்தா, கன்னுக்குட்டியாட்டம் துள்ளுது?" என்றார் பெண்ணின் பெரியப்பா சேவுகன். "இது சரிப்படாது, விட்ருங்க."

"பத்து நிமிஷம் குடுங்கய்யா. ட்ரோன் நல்லாத்தான் இருக்கு, குச்சிதான் லேசாத் தொட்டாலே பாயுது."

கண்ட்ரோலர் திரையில், குச்சியை எவ்வளவு தள்ளினால் ட்ரோன் எவ்வளவு பாயும் என்று காட்டும் கோடு நேராக ஏறியிருந்தது. 'எக்ஸ்போ' என்ற எண்ணைக் கூட்டினால் கோடு நடுவில் படுத்துக்கொள்ளும். லேசான தொடுதலுக்கு ட்ரோன் பதறாது. சுஹானா ஒரேயடியாக எழுபது வைத்தாள். முற்றத்தில் ஏற்றிக் குச்சியை லேசாகத் தள்ளினால் அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளியதும் சமையல்காரர் சின்னக்கண்ணுவைப் பார்த்து விருட்டென்று பாய்ந்தது. அவர் அப்பளக் கூடையைக் கேடயமாகப் பிடித்தார்.

"கொறைடி, கொறை!" ரேணுகாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அறுபது. ஐம்பது. நாற்பத்திரண்டில் ட்ரோன் விரல் நினைத்த அளவுக்கே சாய்ந்தது. சுஹானா "ஹா!" என்று கத்தியேவிட்டாள்.

ட்ரோன் பார்ப்பதெல்லாம் தெரியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தலைவாசல் வந்தது, போனது. தூண்கள், முற்றத்து வெயில், பந்திப்பாய், சாம்பார் ஆவி, குனிந்த தலைகள்... ஆறாவது நிலையைத் தாண்டியதும் குச்சியை முழுக்கத் தள்ளினாள். ட்ரோன் கொல்லைத் தென்னைகளுக்கு மேலே ஜிவ்வென்று எழும்பியது. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி பின்னாலேயே ஓடிவந்த சத்தியப்பிரியா, நெற்றிச்சுட்டி காதுக்குப் போனது தெரியாமல் குதித்தாள்.

"தாயி," சேவுகன் தொண்டையைச் செருமினார். "அந்தக் கண்ணாடி இன்னொண்ணு இருக்குமா?"

ரேணுகா தன்னுடையதை மாட்டிவிட்டாள். சுஹானா மறுபடி தலைவாசலிலிருந்து பறக்கவிட்டாள். சேவுகன் நாற்காலிக் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு நிலைக்கும் தலையைக் குனித்தார்.

"மெதுவாத்தா, மெதுவா... ஏ அப்பா! தூக்கு, தூக்கு! இன்னும் மேல!"