மூடின சாமான்

1

இந்தக் கதை நான் உட்கார்ந்து யோசித்தது அல்ல. ரயிலில் காதில் விழுந்தது.

2009ஆம் வருஷம், ஐப்பசி மாதம். காலை ஷிப்டுக்குப் போகிற கும்மிடிப்பூண்டி வண்டியில் நான் பொன்னேரியில் ஏறினேன். கவரப்பேட்டை தாண்டியதும், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "எம் பொண்ணு லேப்டாப்போட உசுர நானே பொதச்சிட்டேன்பா."

"பொதச்சிட்டு பால் ஊத்தினியா இல்லியா?" என்று அந்த ஆள் கேட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். வண்டி நின்றது. இறங்கிப் போய்விட்டார்கள்.

என்னிடம் இருப்பது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

(என்னைப் பற்றி ஒரே ஒரு விஷயம், அப்புறம் வழிவிடுகிறேன். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான். கம்ப்யூட்டரைக் கல்லூரியில்தான் முதன்முதலில் தொட்டேன். செருப்பை வெளியே கழற்றி விட்டுவிட்டுத்தான் லேபுக்குள் போக வேண்டும். கோயில் வாசலில் நிற்கும்போது எங்கள் ஆட்களுக்கு வருகிற அதே நடுக்கம் எனக்கு அங்கேயும் வந்தது. அதனால் இந்தக் கதையைக் கோபப்படாமல் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.)

2

சின்னராசு அன்று காலை கண் விழித்தபோது வானம் மேகமூட்டமாக

வேண்டாம். வானத்துக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் தங்க எழுத்தில்

இதுவும் வேண்டாம். பெயர் போட்டால்தான் எழுத்து வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் கிடையாது, கட்டியது நான். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்றால் அது உங்கள் பாடு.

சின்னராசு வீட்டில் எந்த டப்பாவும் மூடியிருக்காது.

சரி. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

3

சின்னராசு வீட்டில் எந்த டப்பாவும் மூடியிருக்காது. சர்க்கரை டப்பா பாதி திறந்தே கிடக்கும், எறும்பு மொய்க்கும். பவுடர் டப்பாவை இறுக்கித் திருகி வைத்தால் அவன் திரும்பத் தளர்த்தி வைப்பான். கல்யாணத்துக்கு வந்த குக்கர் வாசல்படியைத் தாண்டவில்லை. சாராள் அதைத் தன் அக்காவுக்குக் கொடுத்துவிட்டாள்.

"ஊரு உலகத்துல யாரும் குக்கர்ல சோறு ஆக்கலியா? எல்லாரும் வெடிச்சா பூட்டாங்கோ?" என்று புருஷனைக் கேட்டுக் கேட்டு அவள் அலுத்துப்போனாள்.

(மேலே 'அவன்' என்று எழுதிவிட்டேன். மில்லில் மேஸ்திரியிலிருந்து வாட்ச்மேன் வரை அவரை அவன் இவன் என்றுதான் பேசுகிறார்கள். நானுமா? இனி 'அவர்'.)

அவர் வேலை செய்வது பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற மில்லில். உலைக்குப் போகிற இரும்பைக் கிளறிப் பார்த்து அனுப்புவது அவருடைய பொறுப்பு. ஷாக் அப்சர்பர், பிரிட்ஜ் கம்ப்ரஸர், கேஸ் சிலிண்டர், இரண்டு பக்கமும் அடைத்த பைப் துண்டு. இவற்றுக்கெல்லாம் இரும்பு கொட்டுகிற யார்டில் ஒரே பெயர்தான், மூடின சாமான். உள்ளே காற்றோ தண்ணீரோ அடைபட்டிருக்கும் எதுவும் உலைக்குள் போனால் வெடிக்கும். கண்ணில் பட்டால் துளை போட வேண்டும், இல்லையென்றால் தூர ஒதுக்க வேண்டும். ஒரு தடவை ஒன்று கண்ணுக்குத் தப்பிப் போய்விட்டது. உலைக்குப் பக்கத்தில் நின்ற பாக்கியநாதனின் முகம்

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை.

சின்னராசுவின் மகள் ஏஞ்சலின் அஞ்சாம் வகுப்பு. அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் ஒரு புது ஏற்பாடு வந்தது. சொந்த லேப்டாப் கொண்டுவருகிற பிள்ளைகள் ஏ செக்ஷன், டைல்ஸ் போட்ட அறை. மற்றவர்கள் பி செக்ஷன், பின்னால் தகரக் கொட்டகை. பத்து வயதுப் பிள்ளைக்கு லேப்டாப் எதற்கு என்று ஒரு பெற்றோரும் கேட்கவில்லை. கேட்டால் விவரம் தெரியாத ஜனம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தை நம்பித்தான் அந்த ஏற்பாடே.

சின்னராசுவுக்கு அதிர்ஷ்டம், மில் ஆபீஸ் சுப்பராயன் ரூபத்தில் வந்தது. ஆபீசுக்குப் புது லேப்டாப்கள் இறங்கின. பழையதில் ஒன்றை வயரில் மாட்டி, படம் வருவதைக் காட்டினார் சுப்பராயன்.

"ஓடும் ராசு. கொஞ்சம் நொண்டிக்கினு ஓடும். பொண்ணுக்கு எடுத்துக்கினு போ."

அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். வீட்டை நெருங்கியதும் பழக்கதோஷத்தில் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் கறுப்பாக ஒரு கட்டை. இழுத்தால் கையோடு வந்தது. ஸ்க்ரூ இல்லை, துளை இல்லை, ஆட்டினால் சத்தமில்லை. தொட்டால் லேசான சூடு. அதன்மேல் நெருப்புப் படம் போட்டுக் குறுக்கே அடித்திருந்தது. குப்பைத்தொட்டி படம் போட்டு அதையும் அடித்திருந்தது. இதைப் படிக்க இங்கிலீஷ் வேண்டியதில்லை. நெருப்பில் போடாதே, குப்பையில் போடாதே. மிச்சம் இருப்பது மண்தானே?

குளிக்கிற மறைப்புக்குப் பின்னால் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்து, மேலே மிதித்துவிட்டு, கை கழுவிக்கொண்டு உள்ளே போனார். லேப்டாப்பைச் சுவரில் மாட்டினார். படம் வந்தது. எதுவும் குறையவில்லை.

மகளுக்குப் பக்கத்தில் மூடின சாமான் கிடக்க விடுகிற ஆளா அவர்?

4

இங்கே சாராளின் பகுதி ஒன்று இருந்தது. லேப்டாப் பைக்காக அவள் காதில் கிடந்ததைக் கழற்றுவதாக எழுதியிருந்தேன். கதையில் அம்மா என்று ஒருத்தி வந்தால் எதையாவது கழற்றித்தான் ஆக வேண்டுமா? கிழித்துப் போட்டேன். சாராள் எதையும் கழற்றவில்லை. இறால் கம்பெனியிலிருந்து வந்து, ஐஸில் மரத்துப்போன விரல்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு சீரியல் பார்த்தாள். பழைய அரிசிப் பையைத் தைத்து லேப்டாப்புக்கு உறை போட்டாள். சிவப்பு எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பித் தைத்தாள். போதும்.

5

ஏ செக்ஷனில் பிளக் பாயின்ட் ஒன்றே ஒன்று, கடைசிச் சுவரில், கதவோரம். அதனால் ஏஞ்சலினுடைய இடமும் அங்கேதான்.

அந்த வருஷம் எங்கள் பக்கம் கரண்ட் முறை வைத்துப் போகும். போனால் வகுப்பு முழுக்கத் திரைகள் எரிந்துகொண்டிருக்கும், கடைசி பெஞ்சில் மட்டும் ஒன்று கறுப்பாகும். ஏஞ்சலினின் விரல்கள் நிற்காது. கறுப்புத் திரையைப் பார்த்தபடி தட்டிக்கொண்டே இருப்பாள்.

பழவேற்காட்டிலிருந்து வேனில் வருகிற ரமீஸா திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "ஏய், உன்து செத்துப்போச்சு. யாருக்குடி அடிக்கிற?"

"சாவல. தூங்குது. நான் சொல்றது அதுக்குக் கேக்கும்."

ரமீஸா எழுந்து வந்து அதைக் கவிழ்த்துப் பார்த்தாள். "இங்க பள்ளமா கீது பாரு. எங்களுதுல இந்த எடத்துல பேட்டரி கீது."

அன்று சாயங்காலம் ஏஞ்சலின் அப்பாவைக் கேட்டாள். "நைனா, இதுக்கு அடில ஒண்ணு இருந்திச்சா?"

"இருந்திச்சி. அது வாணாம் கண்ணு. வெடிக்கும்."

"எல்லார்துலயும் கீதே?"

"அவங்க நைனாவுக்கு அது தெரிஞ்சிருக்காது." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை. ஏஞ்சலின் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது செண்பகம் மிஸ். ஏ செக்ஷன் டீச்சர். அவளைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. முதல் தடவை எழுதியபோது அவளைக் கொடுமைக்காரியாக எழுதினேன். ஸ்கேலை விளிம்புப் பக்கமாகத் திருப்பிப் பிடித்து விரல் முட்டியில் அடிப்பவளாக. எழுதும்போது ருசியாக இருந்தது, திரும்பப் படித்தபோது பொய்யாக இருந்தது. செண்பகம் பொன்னேரியில் பி.எஸ்சி. முடித்தவள். அவள் வீட்டிலும் அவள்தான் முதல் டிகிரி. அவளுக்கே சொந்தமாக லேப்டாப் இல்லை. ரமீஸாவினுடையதில் பாடம் எடுக்கிறாள். சமயத்தில் பிள்ளைகளுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரிவதில்லை. அது தலைமையாசிரியைக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று காலையிலிருந்து மணியடிக்கிற வரை கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கொடுமைக்காரியைவிட ஆபத்து இப்படிப் பயந்தவள்தான். எனக்கு அந்த வேலை கிடைத்திருந்தால் நான் அவளாகத்தான் ஆகியிருப்பேன். அதனால் அவளைத் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

6

பெற்றோர் நாள். சனிக்கிழமை. சாராளுக்கு லீவு கிடைக்கவில்லை. சின்னராசு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு, முழங்கால் மோவாயைத் தொடுகிற மாதிரி பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வொரு பிள்ளையும் முன்னால் மேசைக்குப் போய், தன் லேப்டாப்பைத் திறந்து, தான் செய்ததைக் காட்ட வேண்டும். அட்டென்டன்ஸில் ஏஞ்சலின் எப்போதும் முதல் பெயர். அன்று கடைசி. வயர் போடுகிற பிள்ளைக்காக மேசையைக் கடைசிச் சுவருக்கு நகர்த்த வேண்டுமே.

ரமீஸா ஒரு மீன் வரைந்திருந்தாள். அதன் வாயிலிருந்து குமிழி குமிழியாக வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அவள் அப்பா ஹபிபுல்லா, பக்கத்தில் இருந்த சின்னராசுவின் தொடையிலும் சேர்த்துத் தட்டினார்.

ஏஞ்சலின் வரைந்திருந்தது ஓர் உலை. மஞ்சளும் சிவப்புமாக. எதிரில் தொப்பி போட்ட ஒரு ஆள். கீழே இங்கிலீஷில் 'மை டாடி'. பல நாள் வேலை. முறை தவறியும் கரண்ட் போகலாம் என்பதால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தடவை சேமித்து வைத்தாள்.

மேசையை நகர்த்தினார்கள். வயரைச் செருகினாள். லேப்டாப் நொண்டி நொண்டி எழுந்தது. படம் வருவதற்குள் மின்விசிறி நின்றது.

முறைப்படி அது கரண்ட் போகிற நேரமில்லை. போய்விட்டது.

"பேட்டரி எங்கம்மா?" என்றாள் செண்பகம் மிஸ், அன்றுதான் கவனித்தவளைப் போல. கதவருகே தலைமையாசிரியை நின்றிருந்தார்.

"ஊட்ல வெச்சிட்டேன் மிஸ். மறந்துட்டேன்."

"வீட்லனு சொல்லு. பேட்டரியை மறந்துட்டு வர்றதுக்கு அது என்ன வாட்டர் பாட்டிலா?"

பெற்றோர் பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது. பெரிய சிரிப்பு இல்லை. பிள்ளைகள் விஷயத்தில் பெரியவர்கள் சும்மா சிரிப்பார்களே, அது.

சின்னராசு ஹபிபுல்லாவின் பக்கம் சாய்ந்தார். ரமீஸாவின் மடியில் மீன் இன்னும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. "கரண்டு இல்லியே பாய். அது மட்டும் எப்படி எரியுது?"

"பேட்டரி கீதுல்ல. அடில கறுப்பா கட்ட மாதிரி இருக்கும் பாருங்க. அதானே இதுக்கு உசுரு."

சின்னராசுவின் கை தானாகத் தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டது, மண் ஒட்டியிருப்பதைப் போல.

தலைமையாசிரியை நிதானமாகச் சொன்னார்: "மெஷின் ரிப்பேர்னா டேர்ம் முடியற வரைக்கும் டைம் தரலாம் மிஸ். அஜாக்கிரதைக்கு டைம் கிடையாது. திங்கட்கிழமையிலிருந்து இந்தப் பொண்ணு பி செக்ஷன்."

ஒரு வாக்கியம் போதும். 'பேட்டரிய எடுத்தது நான்தாங்க.' எழுந்து அதைச் சொன்னால் அது அவளுடைய அஜாக்கிரதை ஆகாது, அவளுக்கு இடம் இருக்கும். மற்றவர்கள் எதற்குச் சிரிப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். பேட்டரியைப் புதைத்த ஆள். அவர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தார்.

ஏஞ்சலின் அங்கிருந்து அவரைப் பார்த்தாள். யாருக்கும் தெரியாதபடி, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

7

முடிவுகள்.

அந்த நொடியே கரண்ட் வருகிறது. உலை பளீரென்று எரிகிறது. எல்லாரும்

மின்சார வாரியத்தை நம்பி நான் கதை எழுதுவதாக இல்லை.

ஏஞ்சலின் சாக்பீஸை எடுத்து, உலையைக் கரும்பலகையில் வரைகிறாள். தலைமையாசிரியையின் கண்கள் கலங்க

இது உங்களுக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும். அதனால்தான் தரவில்லை. பிள்ளைக்குத் திறமை இருக்கிறது, லேப்டாப் இல்லாவிட்டால் என்ன என்று சொல்லிவிட்டு நீங்கள் நிம்மதியாகச் சோறு தின்னப் போவீர்கள்.

சின்னராசு வீட்டுக்குப் போய்த் தோண்டுகிறார். மழைத் தண்ணீரில் ஊறி, கட்டை வயிறு ஊதிக் கிடக்கிறது. அவர் பயந்த மாதிரியேதான்

இது நடந்திருக்கும். ஆனால் இது முடிவு இல்லை, முடிவுக்குப் பிறகு வருவது.

ரயிலுக்குத் திரும்பிப் போகிறேன். அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே சொன்னார். வகுப்பில் ஒரு தடவை எழுந்து சொல்லிவிட்டதால் ரயிலில் அதைச் சிரித்துச் சொல்ல முடிந்ததா? அங்கே சொல்லாமல் விட்டதால், கேட்கிற காதுகளிலெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொல்லித் தீர்க்கிறாரா? அந்தச் சிரிப்பு என் காதில் இன்னும் இருக்கிறது. எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் எது என்று பிடிபடவில்லை.

சரி, வகுப்புக்கு வாருங்கள். மின்விசிறி ஓடவில்லை. ரமீஸாவின் மீன் குமிழி விடுகிறது. ஏஞ்சலினின் உலை அந்தப் பெட்டிக்குள் ஒரு கோடும் கலையாமல் இருக்கிறது. திறக்கத்தான் வழியில்லை. அவள் இன்னும் தலையசைத்துக்கொண்டிருக்கிறாள். சின்னராசு பெஞ்சை விட்டு அரை அடி எழுந்துவிட்டார். எழுந்தாரா, தடுமாறினாரா என்று அவருக்கே தெரியவில்லை.

நீங்கள் அவருக்குப் பின்னால், பெற்றோர் பெஞ்சில்தான் இருக்கிறீர்கள். வாட்டர் பாட்டில் என்றபோது சிரித்தீர்கள், நான் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தால் இரண்டாம் தடவையும் சிரிப்பீர்களா என்பது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அவரை முழுசாக எழுப்பிவிட எனக்குக் கை வரவில்லை.