ஆளுக்கொரு குவளை

ஆராதனை முடிந்து வந்த யோகரத்தினம் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. நேரே குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினார்.

"என்னப்பா, பல்லுக் கொதியோ?" என்று கேட்டாள் மனைவி றொசாந்தி.

"உந்தச் சிமியோன் எனக்கு முன்னம் முழந்தாளிலை நிண்டவன். அவன் வாய் வைச்ச கிண்ணத்தைத்தான் போதகர் எனக்கும் நீட்டினவர். எப்பிடி விழுங்கினன் எண்டு எனக்குத்தான் தெரியும்."

சிமியோன் அச்சுவேலியில் பனையேறிக் கள் இறக்குகிறவன். அவனும் மனைவி அற்புதராணியும் சபையில் சேர்ந்து எல்லாரும் ஒரே கிண்ணத்தில் திராட்சை மது அருந்தும் திருவிருந்தை முதன்முதலாக எடுத்த ஞாயிறு அது. அவன் இறக்கிய கள்ளைப் பின்வேலியால் வாங்கிக் குடித்துவிட்டு யோகரத்தினம் ஒருநாளும் வாய் கொப்பளித்ததில்லை.

அடுத்த சபைக் கூட்டத்தில் அவர் வேதாகமத்தோடு எழுந்தார். நோவா குடித்து வெறித்துக் கிடந்த கதையைச் சொன்னார். குடியால் அழிந்த குடும்பங்களை நினைத்துக் கண் கலங்கினார். திருவிருந்தில் இனி மது கூடாது என்றார்.

"கானாவூர்க் கலியாணத்திலை ஆண்டவர் தண்ணியைத் திராட்சை ரசமாக்கினவரெல்லே?" என்றார் போதகர்.

"அது புளிக்காத ரசம், பாஸ்டர்."

"தீமோத்தேயுவின்ரை வயித்து வருத்தத்துக்குக் கொஞ்சம் ரசம் குடிக்கச் சொல்லி வேதத்திலை இருக்கே?"

"அது மருந்து."

பழச்சாறு என்று முடிவாயிற்று. மது இல்லாவிட்டால் கிண்ணத்தில் கிருமி சாகாதாம். ஆகவே ஆளுக்கொரு சின்னக் குவளை. யோகரத்தினத்துக்கு வேண்டியிருந்ததும் அதுதான். சிமியோனின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. சாதியைப் போர்த்தி மூட வேதத்தையே இழுத்தெடுக்க அந்த மனிதர்களுக்குக் கொஞ்சமும் கூசவில்லை.

"எங்கடை எச்சிலுக்குப் பயந்துதான் உந்தக் கூத்தெல்லாம். நான் இனி அங்கை வரமாட்டன்" என்றான் சிமியோன்.

"நான் போவன். எல்லாரோடையும் ஒரு கிண்ணத்திலை குடிக்கலாம் எண்டுதானே ஞானஸ்நானம் எடுத்தனாங்கள்" என்றாள் அற்புதராணி.

ஞாயிற்றுக்கிழமை அவள் தனியே போய் யோகரத்தினத்துக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டாள். போதகர் தட்டை நீட்டினார். ஒரு குவளையை எடுத்துப் பாதியைக் குடித்தாள். மீதியை, அதுவரை ஐயா என்றே கூப்பிட்டு வந்த அந்த மனிதரிடம் நீட்டினாள்.

"இதிலை வெறி இல்லை, அண்ணை. குடியுங்கோ."

சபை முழுவதும் பார்த்திருக்க, யோகரத்தினம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அற்புதராணி நீட்டிய கையை மடக்கவில்லை.